பி.ஏ. இங்கிலீஷ்ல இருந்து டீச்சர், ஸ்பெஷல் எஜுகேட்டர் ரெண்டும் ஆகணுமா? சென்னைல படிக்கிறவங்களுக்கு முழு வழிகாட்டி

பி.ஏ. இங்கிலீஷ்ல சேந்துட்டு "அப்புறம் பி.எட். பண்ணிடுவேன், ஸ்பெஷல் எஜுகேஷனும் சேத்து பண்ணிடுவேன்"னு சொல்றவங்க நிறைய பேர். ஐடியா நல்ல ஐடியாதான். ஆனா இது ரெண்டும் ரெண்டு வேற ஆபீஸ் நடத்துற ரெண்டு வேற பாதைங்கறது முக்கால்வாசி பேருக்கு தேர்ட் இயர் முடியறப்போதான் தெரிய வருது. சாதாரண டீச்சர் படிப்புக்கு மேல இருக்கறது என்சிடிஇ, அதாவது தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில், மாற்றுத்திறனாளி குழந்தைங்களுக்கு சொல்லித்தர்ற ஸ்பெஷல் எஜுகேஷனுக்கு மேல இருக்கறது ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில். ஒண்ணுல பாஸ் பண்ணா இன்னொண்ணு தானா வராது. அதனால எந்த சர்டிஃபிகேட் முதல்ல, எது அப்புறம்ங்கறத ஃபர்ஸ்ட் இயர்லயே ஓரளவு யோசிச்சு வெச்சுக்கணும், இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பத்திதான்.

நான் சென்னைல ஒரு ஸ்கூல்ல ரிசோர்ஸ் ரூம்ல, அதாவது தனி கவனம் தேவைப்படற குழந்தைங்களுக்கு சொல்லித்தர்ற ரூம்ல, வேலை பாக்குறேன், என்னோட டிகிரியும் இங்கிலீஷ்தான். ஜூனியர் பசங்க அடிக்கடி கேக்குற கேள்விங்களுக்கு எல்லாம் சேத்து ஒரே இடத்துல எழுதிடலாம்னுதான் இது.

முதல்ல ரெண்டு பாதையையும் புரிஞ்சுக்கோங்க

பாதை ஒண்ணு: பி.ஏ. மூணு வருஷம், பி.எட். ரெண்டு வருஷம், அதுக்கப்புறம் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு. 2009 கல்வி உரிமைச் சட்டத்துக்கு அப்புறம் ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் சொல்லித்தர டெட் பாஸ் பண்ணணும். பி.எட். 2015ல இருந்து ரெண்டு வருஷ கோர்ஸ், அதுக்கு முன்னாடி ஒரு வருஷம்தான் (உங்க வீட்டுல அத்தையோ சித்தியோ "ஒரு வருஷம்தானே"ன்னு சொன்னா அவங்க அந்தக் காலத்து கணக்குல சொல்றாங்க).

பாதை ரெண்டு: அதே பி.ஏ., அதுக்கு மேல பி.எட். ஸ்பெஷல் எஜுகேஷன், இதுவும் ரெண்டு வருஷம், முடிச்சதும் ஆர்சிஐல பேர் பதிஞ்சு சிஆர்ஆர் நம்பர், அதாவது அவங்க பதிவேட்டு நம்பர், வாங்கணும். இந்த நம்பரைத்தான் ஃபீல்டுல இருக்கறவங்க "ஆர்சிஐ நம்பர் இருக்கா"ன்னு கேப்பாங்க. 1992ல வந்த ஆர்சிஐ சட்டத்துல 13ஆவது பிரிவு இருக்கு, பதிவு இல்லாம இந்த தொழில் பண்ணா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல ஆயிரம் ரூபா வரைக்கும் அபராதம் இல்ல ரெண்டும்னு அதுல எழுதியிருக்கு. யாரையாவது புடிச்சு உள்ள வெக்கறாங்களான்னு கேக்காதீங்க, ஆனா ஒழுங்கான ஸ்கூல் எதுவும் நம்பர் இல்லாதவங்கள ஸ்பெஷல் எஜுகேட்டர்ங்கற பேர்ல வேலைக்கு எடுக்காது.

இப்போ எல்லாரும் குழம்புற இடம். சாதாரண பி.எட்.லயும் எல்லாக் குழந்தைங்களும் சேந்து படிக்கிற இன்க்ளூசிவ் ஸ்கூல் பத்தி ஒரு பேப்பர் வரும். அத படிச்சதால நீங்க ஸ்பெஷல் எஜுகேட்டர் ஆக முடியாது, அந்த பேப்பருக்கு ஆர்சிஐ நம்பர் கிடைக்காது. ஆனா உல்டாவா பாத்தா கதை வேற: பி.எட். ஸ்பெஷல் முடிச்சவங்களும் ஆறுல இருந்து எட்டு வரைக்கும் டீச்சர் ஆகறதுக்கும் டெட் எழுதறதுக்கும் தகுதி உள்ளவங்கன்னு என்சிடிஇ 2010 ஆகஸ்ட்ல போட்ட அறிவிப்புலயே இருக்கு, வேலைக்கு சேந்த அப்புறம் ஆறு மாச ஸ்பெஷல் ட்ரெய்னிங் ஒண்ணு முடிக்கணும்னு ஒரு கண்டிஷனோட. அதாவது ஸ்பெஷல் பி.எட்.ல இருந்து சாதாரண கிளாஸ்ரூமுக்கு ஒரு கதவு திறந்திருக்கு, சாதாரண பி.எட்.ல இருந்து ரிசோர்ஸ் ரூமுக்கு நேரா கதவு இல்ல, மேல ஒரு டிப்ளமா சேத்துதான் வரணும். ரெண்டும் வேணும், எது முதல்லன்னு முடிவு பண்ண முடியலன்னு யாராவது கேட்டா நான் ஸ்பெஷல் பி.எட்.ன்னு சொல்றது இதனாலதான்.

ஸ்டெப் 1: ஃபர்ஸ்ட் இயர், லாங்குவேஜ் பேப்பர்ல தமிழ எடுங்க

இதை யாரும் சொல்ல மாட்டாங்க, அதனால நான் கத்தி சொல்றேன். பார்ட் ஒன் லாங்குவேஜ்ல மார்க் ஈஸியா வரும்னு ஃப்ரெஞ்ச், ஹிந்தின்னு எடுக்கற பழக்கம் சென்னை காலேஜ்ல நிறைய இருக்கு. மார்க் வரும், சரி. ஆனா நீங்க நாளைக்கு கவர்மென்ட் டீச்சர் போஸ்ட்டுக்கு போனா டெட் பேப்பர் 2ல முதல் மொழிக்கு 30 மார்க், சென்னைல முக்கால்வாசி பேருக்கு அது தமிழ்தான். அது தாண்டி டிஆர்பி, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியம், நடத்துற போட்டித் தேர்வுல தமிழ் தகுதித் தேர்வுன்னு 50 மார்க்குக்கு ஒரு பகுதி, அதுல 20 எடுக்கலேன்னா உங்க மெயின் பேப்பரையே திருத்த மாட்டாங்க. இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு தமிழ்ல ஃபெயில் ஆகி வெளிய போறது எவ்ளோ கடுப்பா இருக்கும்னு யோசிச்சு பாருங்க. பத்தாவது வரைக்கும் தமிழே படிக்காம சிபிஎஸ்இல ஹிந்தி, சான்ஸ்க்ரிட்னு போய்ட்டு வந்தவங்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ரிசோர்ஸ் ரூமுக்கும் இது தேவை. படிக்க கஷ்டப்படற குழந்தையோட அம்மா வியாசர்பாடில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்து உக்காந்திருப்பாங்க, அவங்க கிட்ட குழந்தையோட அசெஸ்மென்ட் ரிப்போர்ட்ட தமிழ்ல புரியற மாதிரி சொல்லத் தெரியலேன்னா உங்க டிகிரிய வெச்சு என்ன பண்றது.

இன்னொரு சின்ன விஷயம், டிகிரி பேரு. பி.ஏ. இங்கிலீஷ், பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர்னா பிரச்சனை இல்ல. கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ், ஃபங்ஷனல் இங்கிலீஷ் மாதிரி பேரு இருந்தா அது பி.ஏ. இங்கிலீஷுக்கு சமம்னு அரசாணை இருக்கான்னு காலேஜ் ஆபீஸ்ல கேட்டு காப்பி வாங்கி வெச்சுக்கோங்க. பி.எட். அட்மிஷன் டைம்ல ஓடறத விட இப்பவே கேக்கறது ஈஸி.

ஸ்டெப் 2: சிலபஸ்ல எத சீரியஸா படிக்கணும்

ஷேக்ஸ்பியர் வேண்டாம்னு சொல்ல வரல. ஆனா இந்த வேலைக்கு உங்களுக்கு நேரா கை குடுக்கப் போறது எல்லாரும் போர்னு சொல்லி கைடு வாங்கி ஒப்பேத்துற பேப்பர்: ஃபொனெடிக்ஸ், லிங்க்விஸ்டிக்ஸ். தமிழ்ல எழுத்தக் கத்துக்கிட்டா பெரும்பாலும் படிச்சிடலாம், எழுத்துக்கும் சத்தத்துக்கும் நெருக்கம் ஜாஸ்தி. இங்கிலீஷ்ல 26 எழுத்து, சத்தம் சுமார் 44, ஒரே சத்தத்துக்கு நாலு ஸ்பெல்லிங், ஒரே ஸ்பெல்லிங்குக்கு நாலு சத்தம். டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தப் படிக்கறதுல வர்ற கற்றல் குறைபாடு, இருக்கற குழந்தை மாட்டிக்கற இடமே இதுதான், தமிழ்ல மெதுவாவாவது படிச்சிடறவன் இங்கிலீஷ்ல அப்படியே நின்னுடுவான். அந்தக் குழந்தை எந்த சத்தத்துல நிக்கிறான், சத்தத்தப் பிரிக்க முடியலயா, இல்ல பிரிச்சத சேக்க முடியலயான்னு கண்டுபிடிக்க ஃபொனீம், அதாவது மொழியோட தனித்தனி சத்தம், அதுன்னா என்னன்னு உங்களுக்கு உள்ளுக்குள்ள ஊறியிருக்கணும். 1930கள்ல அமெரிக்காவுல சாமுவேல் ஆர்ட்டன்னு ஒரு டாக்டரும் அன்னா கில்லிங்ஹாம்னு ஒரு டீச்சரும் சேந்து உருவாக்கின முறை இன்னிக்கும் ரிசோர்ஸ் ரூம்ல ஓடுது, கண்ணால பாத்து காதால கேட்டு விரலால மணல்ல எழுதி ஒரே நேரத்துல சத்தத்தக் கத்துக்கறது. அதோட அடிப்படையே நீங்க செமஸ்டருக்கு மனப்பாடம் பண்ற அந்த ஃபொனெடிக்ஸ் சார்ட்தான்.

எலெக்டிவ்ல இங்கிலீஷ் லாங்குவேஜ் டீச்சிங் இருந்தா எடுங்க. சில்ட்ரன்ஸ் லிட்டரேச்சர் இருந்தா எடுங்க. சைக்காலஜி நான்-மேஜர் பேப்பரா வந்தா கண்டிப்பா எடுங்க. ப்ராஜெக்ட்டுக்கு தலைப்பு தேடறப்போ எல்லாரும் எடுக்கற ஃபெமினிசம், டயஸ்போராவ விட்டுட்டு மாற்றுத்திறனாளிகள கதைல எப்படிக் காட்டுறாங்கன்னு ஒரு நாவல வெச்சு பண்ணலாம், பின்னாடி இன்டர்வ்யூல பேசறதுக்கு ஒரு விஷயம் கிடைக்கும்.

மார்க்கும் பாத்துக்கோங்க. தமிழ்நாட்டுல பி.எட். சேர டிகிரில ஓசிக்கு 50 சதவீதம், பிசிக்கு 45, எம்பிசிக்கு 43, எஸ்சி எஸ்டிக்கு 40 வேணும். ஒரு அரியர விட்டு வெச்சா அந்த வருஷ கவுன்சிலிங்கே போயிடும்.

ஸ்டெப் 3: செகண்ட் இயர், குழந்தைங்க பக்கத்துல போங்க

இதுதான் மொத்த பிளான்ல முக்கியமான ஸ்டெப், ஆனா சர்டிஃபிகேட் வராதுங்கறதால எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க.

காசு செலவில்லாம ஆரம்பிக்க ஒரு வழி, பார்வை இல்லாத ஸ்டூடண்ட்ஸுக்கு படிச்சுக் காட்டறது, பரீட்சைக்கு ஸ்க்ரைபா போறது. பிரசிடென்சி காலேஜ்லயும் லயோலாலயும் பார்வை இல்லாத பசங்க நிறைய பேர் படிக்கிறாங்க, அதுல இங்கிலீஷ் லிட்டரேச்சர் படிக்கிறவங்களும் உண்டு. உங்க செமஸ்டர் புக்கையே அவங்களுக்காக ஆடியோவா ரெக்கார்ட் பண்ணுங்க, உங்களுக்கும் ரிவிஷன். ஸ்க்ரைபா போறப்போ ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, அவங்க சொல்றத எழுதணும், நீங்க திருத்தக் கூடாது, தப்பான ஸ்பெல்லிங் சொன்னாலும் அப்படியே. இந்த கன்ட்ரோல் வர்றதுக்கே கொஞ்ச நாள் ஆகும், பிற்பாடு ரிசோர்ஸ் ரூம்ல குழந்தை பதில் யோசிக்கிற வரைக்கும் வாய மூடிட்டு காத்திருக்கறதுக்கு இதுதான் பயிற்சி.

ஒரு நாள் ஒதுக்கி கோட்டூர்புரம் போங்க. அண்ணா நூற்றாண்டு நூலகத்துல பிரெயில் பிரிவு இருக்கு, அதே ஏரியாலதான் வித்யாசாகர் இருக்கு, 1985ல ஆரம்பிச்சது, செரிப்ரல் பால்சி இருக்கறவங்களோட பல வருஷமா வேலை பண்றவங்க. மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தி.நகர்ல. காது கேக்காத சின்னக் குழந்தைங்களுக்கு சைகை இல்லாம பேச்சு வழியா மொழி கொண்டு வர்றதுல பேர் வாங்கின பாலவித்யாலயா அடையாறு பக்கம் சாஸ்திரி நகர்ல. மெரினா எதிர்ல காமராஜர் சாலைல மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்னு ஒண்ணு 2022ல இருந்து இருக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிங்கள நீங்களே தொட்டு பயன்படுத்திப் பாக்கலாம், ஒரு சாயங்காலம் போதும், முடிச்சிட்டு பீச்ல சுண்டல் சாப்டுட்டு வரலாம். எங்க போறதா இருந்தாலும் முன்னாடியே மெயிலோ போனோ போட்டு அனுமதி கேட்டுட்டு போங்க, குழந்தைங்க இருக்கற இடத்துக்கு கேமராவோட திடீர்னு போய் நிக்காதீங்க. இன்ஸ்டாவுல ஸ்டோரி போடறதுக்கு அந்தக் குழந்தைங்க முகம் கிடையாது.

இன்னொண்ணு, "சேவை மனப்பான்மை", "பாவம் இந்தக் குழந்தைங்க" இந்த பாஷைய வீட்டுலயே விட்டுட்டு வாங்க. பெத்தவங்களுக்கு அது புடிக்காது. அவங்க கேக்கறது எம் புள்ள அடுத்த வருஷம் என்ன படிப்பான்ங்கற கேள்விக்கு பதில்.

இங்க போய் வந்த அப்புறமும் உங்களுக்கு பொறுமை இருக்கா, ஆர்வம் இருக்கான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். இல்லேன்னா தப்பே இல்ல, நேரா பாதை ஒண்ணு.

ஸ்டெப் 4: தேர்ட் இயர், எந்த பி.எட்.ன்னு முடிவு பண்றது

சாதாரண பி.எட்.ன்னா சென்னைல நல்ல காலேஜ் நிறைய இருக்கு. சைதாப்பேட்டை ஐஏஎஸ்இ 1856ல ஆரம்பிச்சது, டாக்டர் ராதாகிருஷ்ணனே டீச்சர் ட்ரெய்னிங் அங்கதான் எடுத்தார். பெண்களுக்கு லேடி வெலிங்டன், வேப்பேரி செயின்ட் கிறிஸ்டோபர்ஸ், அசோக் நகர் ஸ்டெல்லா மெட்டுட்டினா, திருவல்லிக்கேணி என்.கே.டி. கவர்மென்ட், எய்டட் சீட்டுக்கு எல்லாம் மார்க் வெச்சு அரசு கவுன்சிலிங், என்ட்ரன்ஸ் கிடையாது. இதுல 20 வாரம் ஸ்கூல் இன்டர்ன்ஷிப் வரும், பெரும் பகுதி செகண்ட் இயர்ல. யுனிவர்சிட்டி காரப்பாக்கத்துல இருக்கற தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம்.

ஸ்பெஷல் பி.எட்.ன்னா சாய்ஸ் கம்மி. முட்டுக்காட்டுல ஈசிஆர் ஓரமா என்ஐஇபிஎம்டி, 2005ல வந்த மத்திய அரசு நிறுவனம், பல வகை குறைபாடு சேந்து இருக்கறவங்களுக்காகவே உள்ளது, அங்க ஸ்பெஷல் எஜுகேஷன் கோர்ஸ் நடக்குது. பார்வைக் குறைபாடு பக்கம்னா பூந்தமல்லில என்ஐஇபிவிடிங்கற தேசிய நிறுவனத்தோட ரீஜனல் சென்டர். வேலைக்குப் போய்ட்டே படிக்கணும்னா சைதாப்பேட்டைல இருக்கற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோட பி.எட். ஸ்பெஷல், ரெண்டரை வருஷம். வெளியூர் போக ரெடின்னா கோயம்புத்தூர் பெரியநாயக்கன்பாளையத்துல ராமகிருஷ்ணா மிஷன் விவேகானந்தா. எங்க சேந்தாலும் சரி, பீஸ் கட்டறதுக்கு முன்னாடி ஆர்சிஐ வெப்சைட்ல போய் அந்த காலேஜ், அந்த கோர்ஸ், அந்தக் குறைபாடு பிரிவு, அந்தக் கல்வியாண்டு, நாலும் அப்ரூவ் ஆகியிருக்கான்னு பாருங்க. போன வருஷம் இருந்த அப்ரூவல் இந்த வருஷம் இல்லாம போகலாம், அந்த பேட்ச்ல படிச்சவங்களுக்கு நம்பர் கிடைக்கறது சிக்கல் ஆயிடும். "நான்-அட்டெண்டிங், பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும், மத்தத நாங்க பாத்துக்கறோம்"னு பக்கத்து ஸ்டேட்ல இருந்து ஏஜென்ட் கூப்பிட்டா போன வெச்சிடுங்க. டிஆர்பில சர்டிஃபிகேட் சரிபார்ப்புல அட்டெண்டன்ஸ், டீச்சிங் ப்ராக்டிஸ் எல்லாம் தோண்டுவாங்க, அதுவும் இல்லாம கிளாஸ்ரூமே பாக்காதவர் கைல ஒரு குழந்தைய எப்படிக் குடுக்கறது.

எந்தப் பிரிவு எடுக்கறதுங்கறது அடுத்த தலைவலி. காது கேளாமை, பார்வைக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம், பல்வகைக் குறைபாடுன்னு தனித்தனி. நீங்க எடுக்கற பிரிவுதான் உங்க ஆர்சிஐ பதிவுலயும் வரும். இங்கிலீஷ் படிச்சவங்களுக்கு கற்றல் குறைபாடு இயல்பா ஒட்டும், ஏன்னா வேலையே படிப்பு, எழுத்து. காது கேளாமையும் நான் சிபாரிசு பண்ணுவேன், ஆச்சரியமா இருக்கலாம், ஆனா அங்க முழுப் போராட்டமும் மொழியோடதான், ஒரு குழந்தைக்கு வாக்கியம்னா என்னன்னு அடியில இருந்து கட்டணும், கிராமர் ஒழுங்காத் தெரிஞ்சவங்களுக்கு அது ஒரு தனி சவால். பார்வைக் குறைபாடுன்னா பிரெயில் கத்துக்கணும், ஆறு புள்ளிதான், ஆனா இங்கிலீஷ் பிரெயில்ல சுருக்கெழுத்து நிறைய. சென்னை பிரைவேட் ஸ்கூல்ங்க வேலைக்கு ஆள் தேடறப்போ பெரும்பாலும் கற்றல் குறைபாடு, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு பக்கம்தான் கேக்குறாங்க, அதையும் மனசுல வெச்சுக்கோங்க. பாடம் சொல்லித்தர்ற முறைக்கு சப்ஜெக்ட் எடுக்கறப்போ மறக்காம இங்கிலீஷ எடுங்க, பின்னாடி இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு போறப்போ அந்த ஒரு வரி மார்க் ஷீட்ல இருக்கணும்.

ஸ்டெப் 5: கோர்ஸ் நடக்கறப்போ ஐஇபி எழுதக் கத்துக்கறது

தியரி பரீட்சை எப்படியும் பாஸ் பண்ணிடுவீங்க. வேலைல சோறு போடப் போறது ஐஇபி, ஒவ்வொரு குழந்தைக்கும் தனியா போடற திட்டம். 1975ல அமெரிக்காவுல வந்த சட்டம்தான் இந்தத் திட்டத்த கட்டாயமாக்குச்சு, இப்போ நிறைய நாட்டுல இந்த மாதிரி திட்டம் போடறாங்க. நம்ம பசங்க எழுதற ஐஇபில "படிக்கும் திறனை மேம்படுத்துதல்"னு ஒரு வரி இருக்கும், அத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. இப்போ நாலாவது படிக்கிற ஒரு பையன், எழுத்து பேரு சொல்றான், சத்தம் சேத்து படிக்க வரல, b-யும் d-யும் மாத்தி எழுதறான்னு வெச்சுக்கோங்க. அவனுக்கு எழுதணும்னா, இப்போ நிலைமை: மூணு சத்தம் இருக்கற வார்த்தை 20 குடுத்தா 5 படிக்கிறான். மூணு மாச இலக்கு: 20ல 16, யார் உதவியும் இல்லாம, ரெண்டு தடவை தொடர்ச்சியா. எப்படி: வாரத்துக்கு நாலு நாள், அரை மணி நேரம், மணல் தட்டு, சத்த அட்டை. யார் பாத்து குறிக்கிறது, எப்போ திரும்ப டெஸ்ட். இவ்ளோ தெளிவா எழுதினாதான் மூணு மாசம் கழிச்சு வேலை செஞ்சுதா இல்லயான்னு தெரியும், அம்மா அப்பா கிட்டயும் காட்ட முடியும்.

ஒரு எச்சரிக்கை, ஸ்பெஷல் எஜுகேட்டர் டயக்னோஸ் பண்ணக் கூடாது. "உங்க பையனுக்கு டிஸ்லெக்சியா"ன்னு நீங்க சொல்லாதீங்க, இந்த இந்த கஷ்டம் தெரியுது, அசெஸ்மென்ட் பண்ணிக்கோங்கன்னு அனுப்புங்க. சர்டிஃபிகேட் மெடிக்கல் போர்டு வேலை. அந்த சர்டிஃபிகேட் இருந்தா நம்ம ஸ்டேட் போர்டு பொதுத் தேர்வுல ஒரு மணி நேரம் கூடுதல், ஸ்க்ரைப், ஒரு மொழிப் பாடத்துல விலக்குன்னு சலுகைங்க இருக்கு. கடைசி நேரத்துல மார்ச் மாசம் பரீட்சைய வெச்சிட்டு ஜனவரில பேப்பர் தேடறது நம்மூர் வழக்கம், நீங்க ஒன்பதாவதுலயே ஞாபகப்படுத்துங்க.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்த ஒரு தடவையாவது முழுசா படிங்க. பழைய 1995 சட்டத்துல ஏழு வகைதான், இதுல 21, கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் இதுலதான் உள்ள வந்துச்சு. எந்த ஸ்கூலாவது "எங்க ஸ்கூலுக்கு செட் ஆகாது"ன்னு குழந்தைய திருப்பி அனுப்பினா எந்தப் பிரிவுன்னு சொல்ல உங்களுக்கு தெரிஞ்சிருக்கணும். 16ஆவது பிரிவு.

ஸ்டெப் 6: டெட், சிடெட்

தமிழ்நாடு கவர்மென்ட் வேலைக்கு டிஆர்பி நடத்துற டெட். கேந்திரிய வித்யாலயா, சிபிஎஸ்இ ஸ்கூலுக்கு சிடெட், அதாவது மத்திய அரசு பக்கத்து டெட். ரெண்டும் 150 கேள்வி, 150 மார்க், பொதுப் பிரிவுக்கு 60 சதவீதம். நீங்க எழுத வேண்டியது பேப்பர் 2, பேப்பர் 1 ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும், அதுக்கு பி.எட். செல்லாதுன்னு 2023 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு.

பேப்பர் 2ல இங்கிலீஷ்காரங்களுக்கு ஒரு காமெடி இருக்கு. குழந்தை வளர்ச்சி 30, தமிழ் 30, இங்கிலீஷ் 30, மீதி 60 மார்க் ஒண்ணு கணக்கு அறிவியல் இல்ல சமூக அறிவியல். அதாவது இங்கிலீஷ் டீச்சர் ஆக சோழர் வரலாறும் மண் வகையும் படிக்கணும். புலம்பிப் பிரயோஜனம் இல்ல, ஆறுல இருந்து பத்தாவது வரைக்கும் சமூக அறிவியல் ஸ்டேட் போர்டு புக்க பிடிஎஃப் எடுத்து செகண்ட் இயர் லீவுலயே ஆரம்பிங்க, கோச்சிங் சென்டர் நோட்ஸ விட அந்த புக்குதான் கை குடுக்கும். சர்டிஃபிகேட் ஆயுசுக்கும் செல்லும்ங்கறதால சீக்கிரம் எழுதி வெச்சிட்டா நிம்மதி. பி.எட். படிச்சிட்டு இருக்கறப்பவே சிடெட் எழுதலாம்.

டெட் பாஸ் ஆனா வேலை கிடைச்சிடும்னு நினைக்காதீங்க, 2018ல போட்ட அரசாணை 149ல இருந்து டெட்டுக்கு அப்புறம் தனியா ஒரு போட்டித் தேர்வு. பிளஸ் ஒன், பிளஸ் டூக்கு பாடம் எடுக்கற பிஜி அசிஸ்டன்ட் ஆகணும்னா டெட் தேவையில்ல, எம்.ஏ. இங்கிலீஷும் பி.எட்.டும் வேணும், பி.ஏ.வும் எம்.ஏ.வும் ஒரே சப்ஜெக்ட்டா இருக்கணும். எம்.ஏ.வ சேப்பாக்கத்துல மெட்ராஸ் யுனிவர்சிட்டி தொலைதூரக் கல்வில முடிச்சிடலாம், ஆனா பி.எட். நடக்கற அதே வருஷத்துல போட்டு குழப்பிக்காதீங்க, முன்னாடியோ பின்னாடியோ வெச்சுக்கோங்க. ஒவ்வொரு நோட்டிஃபிகேஷன்லயும் தகுதி பக்கத்த வரி வரியா படிங்க, முக்கியமா ஸ்பெஷல் பி.எட். முடிச்சவங்க.

ஸ்டெப் 7: ஆர்சிஐ பதிவு, வேலை

கோர்ஸ் ரிசல்ட் வந்த கையோட ஆன்லைன்ல அப்ளை பண்ணிடுங்க. மார்க் ஷீட், ப்ரொவிஷனல், பத்தாவது மார்க் ஷீட் எல்லாத்துலயும் பேரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கான்னு பாத்துக்கோங்க, நம்ம ஊர்ல இனிஷியல் முன்னாடியா பின்னாடியாங்கற ஒரே பிரச்சனைல எத்தனையோ அப்ளிகேஷன் தொங்குது. பதிவ அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், அதுக்கு சிஆர்இ பாயின்ட் சேக்கணும், அங்கீகாரம் உள்ள செமினார், ஒர்க்‌ஷாப்புக்கு போனா வரும். கடைசி வருஷம் அலையாம வருஷா வருஷம் கொஞ்சம் சேத்துடுங்க.

வேலை நிலவரம் பத்தி உள்ளத உள்ளபடி சொன்னா, தேவை ரொம்ப ஜாஸ்தி, நிரந்தர வேலை ரொம்ப கம்மி. 2021 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துது, தொடக்க வகுப்புல பத்து குழந்தைக்கு ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டர், அதுக்கு மேல பதினஞ்சு பேருக்கு ஒருத்தர்னு விகிதம் பேசினது. 2025 மார்ச்ல திரும்பவும் ஸ்டேட்ங்கள போஸ்ட் உருவாக்கி அறிவிங்கன்னு சொல்லுச்சு. ஆனா இங்க பள்ளிக் கல்விக்கான மத்திய அரசு திட்டமான சமக்ர சிக்‌ஷால வேலை பாக்கற ஸ்பெஷல் எஜுகேட்டர்ஸ் பல வருஷமா தொகுப்பூதியத்துலதான் இருக்காங்க, நிரந்தரம் கேட்டு போராடிட்டும் இருக்காங்க. அதனாலதான் டெட்டையும் சேத்து கைல வெச்சுக்கோங்கன்னு சொல்றேன், ஒரு கதவு மூடினா இன்னொண்ணுல போலாம். சிபிஎஸ்இ ஸ்கூல்ல ஸ்பெஷல் எஜுகேட்டர் இருக்கணும்னு அஃபிலியேஷன் விதிலயே இருக்கு, சென்னைல முதல் வேலை பெரும்பாலும் அங்கதான் கிடைக்கும்.

அமெரிக்கா போற ஐடியா இருக்கறவங்களுக்கு ஒரு வரி: அங்க லைசென்ஸ் ஒவ்வொரு ஸ்டேட்டும் தனித்தனியா குடுக்குது, இங்கிலீஷுக்கு ஒண்ணு ஸ்பெஷல் எஜுகேஷனுக்கு ஒண்ணு, நிறைய ஸ்டேட்ல ப்ராக்ஸிஸ் பரீட்சை. நம்ம மூணு வருஷ டிகிரிய எல்லா இடத்துலயும் நாலு வருஷத்துக்கு சமமா எடுத்துக்க மாட்டாங்க, அதனால எம்.ஏ. கைல இருக்கறது நல்லது.

இன்டர்வ்யூக்கு போறப்போ அவங்க உங்கள கேக்கறத விட நீங்க கேக்க வேண்டியது ஜாஸ்தி. ஒருத்தருக்கு எத்தனை குழந்தைங்க, ரிசோர்ஸ் ரூம் எங்க இருக்கு, வீல்சேர் அங்க வரைக்கும் போகுமா, டீச்சர் லீவு போட்டா உங்களத் தூக்கி சப்ஸ்டிட்யூஷன் போடுவாங்களா. ரூமக் காட்டச் சொல்லுங்க. மாடிப்படிக்கு கீழ ஸ்போர்ட்ஸ் சாமான் நடுவுல ரெண்டு பெஞ்ச் போட்டிருந்தா அந்த ஸ்கூல் எதுக்கு உங்கள எடுக்குதுன்னு புரிஞ்சிடும், இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு பேர் வேணும் அவ்ளோதான். ஆஃபர் லெட்டர்ல உங்க பதவி ஸ்பெஷல் எஜுகேட்டர்னு தெளிவா எழுதியிருக்கணும், உதவியாளர், ஷேடோ டீச்சர் (ஒரே குழந்தை கூடவே உக்காந்து உதவறவங்க)னு போட்டிருந்தா மாத்தித் தரச் சொல்லிட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க, ஏன்னா பின்னாடி அனுபவச் சான்றிதழ் கேக்கறப்போ அந்த வார்த்தையத்தான் அதுலயும் எழுதிக் குடுப்பாங்க.